பாப்பாவுக்கு, பெரம்பூரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறாதே என்றால் மட்டும் கேட்பதில்லை. போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் சாப்பிட்டாயா என்பேன், நீ சாப்பிட்டேன்பா என்பாய், அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். தம்பியிடம் அடித்துத் தரச் சொல்லவில்லை. ஒற்றை விரலால் நானே அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சித்தி மகன் உன் வீடியோவை அனுப்பினான். சத்தம் தெளிவாக இருந்தது. பின்னால் ஒரு பெரிய மரம் தெரிந்தது, என்ன மரம் அது? நீ இளைத்திருக்கிறாய். அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை.

அங்கே இங்கிலாந்தில் நீ மார்ச்சில் தேர்தலில் ஜெயித்ததை, நாங்கள் கூடும் பெஞ்சில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மாணவர் சங்கத்தில் நல அலுவலர், படிப்பு முடிந்தபின் ஒரு வருஷம் முழுநேர வேலை, சம்பளமும் உண்டு என்றேன். சங்க வேலைக்குச் சம்பளமா என்று, ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஷெல் பக்கம், அதாவது பெட்டியின் கூடு செய்யும் பிரிவில், வேலை பார்த்த ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். நாங்கள் கேட் மீட்டிங் போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. அங்கே ரகசிய வாக்கெடுப்பு கட்டாயம், இரண்டு வருஷத்துக்கு மேல் ஒருத்தர் அந்த நாற்காலியில் உட்கார முடியாது, 1994-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னேன். அதை இங்கே கொண்டுவந்தால் பாதிச் சங்கம் காலி என்று ஒருத்தர் சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தாத்தா பி அண்ட் சி மில்லில் கொடி பிடித்தார், நான் ஐசிஎஃப்பில் பிடித்தேன், நீ கடல் தாண்டிப் பிடிக்கிறாய்.

ஆனால் ஜூலை பிறந்ததிலிருந்து உன்னைப் பிடிக்க முடியவில்லை. ஒரு நாள் பட்ஜெட் பயிற்சி, மறுநாள் பத்திரிகைக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று பயிற்சி, அப்புறம் ரயிலேறி வேறு ஊரில் மாநாடு. செப்டம்பரில் புதுப் பிள்ளைகள் வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்கிறாய். சாப்பாடு எப்போது? மத்தியானச் சாப்பாட்டை விடாதே. 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி நம் பெரம்பூரில்தான் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது, வாடியா தலைவர். இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அப்போது பி அண்ட் சி மில் ஆட்களின் பெரிய குறைகளில் ஒன்று என்ன தெரியுமா, மத்தியானம் சாப்பிட நேரம் போதவில்லை என்பது. தாத்தா இதைச் சொல்லாமல் கை கழுவ மாட்டார். சங்கத்தில் இருந்துகொண்டு நீயே சாப்பிடாமல் இருந்தால் எப்படி?

வீட்டு அட்வான்ஸ் பற்றிய பிரச்சாரம் நல்ல வேலை. ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது, வாங்கிய பணத்தை 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் உள்ள திட்டத்தில் போட வேண்டும் என்று நீ சொன்னதை மேல்வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். இங்கே பத்து மாச அட்வான்ஸ்தானே பழக்கம். மூன்று மாசம் போதும் என்று 2017-ல் தமிழ்நாட்டிலும் சட்டம் எழுதினார்கள், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சரி என்று ஒரு வழியையும் கூடவே விட்டுவிட்டார்கள். அதனால் சொல்கிறேன், எந்த நோட்டீஸானாலும் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படி. நிர்வாகத்தோடு பேசிவிட்டு வந்தால் அன்றைக்கே எழுதி அவர்களுக்கே அனுப்பிவிடு, "இன்று நாம் பேசியது இது" என்று. வாய்ப்பேச்சை நம்பாதே. கேண்டீன் ஆட்களையும் வாட்ச்மேனையும் முதலில் தெரிந்துகொள், எந்தப் பிள்ளை சாப்பிட வரவில்லை, எந்த அறையில் விளக்கு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்குத் துண்டுப் பிரசுரம் போடுகிறாயாமே. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு 25 வயசு வரை இலவசம் என்றாய். நீ போட்டுக்கொண்டாயா? கேட்டால் "போட்டிருப்பேன்பா" என்கிறாய். அது என்ன போட்டிருப்பேன்? ஊருக்கு உபதேசம் செய்பவள் முதலில் தன் கையை நீட்ட வேண்டாமா. டாக்டரிடம் பதிந்து வைத்திருக்கிறாய் அல்லவா, ஒரு நாள் போய் முழுசாகப் பார்த்துக்கொண்டு வா. ரத்தம், விட்டமின் டி, தூக்கம், எல்லாமும்தான்.

காதுகொடுத்துக் கேட்கும் பயிற்சி என்று ஒன்று சொன்னாயே, அதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசும்போது அறிவுரை சொல்லக்கூடாது, "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லவே கூடாது, முடிக்கும்வரை பொறுக்க வேண்டும் என்றாய். (இந்தக் கடிதத்தைப் பார்த்தால் உன் பயிற்சியாளர் எனக்கு மார்க்கே போடமாட்டார்.) ராத்திரியில் மாணவர்களே மாணவர்களின் போனை எடுக்கும் நைட்லைன் 1970-லிருந்து நடக்கிறது என்றாய். நம் ஊரிலும் மனம் உடைந்தவர்களின் போனை எடுக்கும் ஸ்நேகா 1986-லிருந்து இருக்கிறது. மனநல உதவிக்கு 14416 என்று அரசு நம்பர் ஒன்றும் 2022-ல் வந்தது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். உன் வேலைக்கு உதவுமே என்றுதான் சொல்கிறேன். அங்கிருந்து அந்த நம்பர் போகாது என்று நினைக்கிறேன். நம் வீட்டு நம்பர் போகும்.

இப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களிடம் யார் கேட்பது? அதற்கும் உங்கள் சங்கத்தில் ஏற்பாடு உண்டா? இருந்தால் வாரம் ஒருமுறை போ. இல்லையென்றால் முதல் கோரிக்கையாக அதை வை.

வீடியோவின் நடுவில் முதல் வருஷக் குளிர்காலத்தைப் பற்றி நீ சொன்னதை நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அந்த டிசம்பரில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வருவாய். தலை பின்னி, பொட்டு வைத்து, அத்தை வாங்கித் தந்த பச்சைச் சுடிதார் போட்டிருப்பாய். பின்னால் விளக்கு பளிச்சென்று எரியும். "குளிர்ல என்ன கலரா ஆயிட்டா பாருங்க" என்று அம்மா பூரித்துப்போவாள். எங்களுக்காக அந்த அரைமணி நேரம் மட்டும் எழுந்து உட்கார்ந்திருக்கிறாய் என்பதை, முன்பின் தெரியாத பிள்ளைகளோடு சேர்ந்து நானும் வீடியோவில்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர்களிடம் சொல்ல முடிந்தது உன்னால். சரி, விடு. சொன்னது நல்லதுதான். கீழே ஒரு பெண் "எனக்கும் இப்படித்தான்" என்று எழுதியிருந்தாளே, அவளை நேரில் பார்த்துப் பேசிவிட்டாயா?

அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். நாலரை மணி வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும், அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். இப்போது ராத்திரி ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும்போதே வெளியில் நட. மீட்டிங்கை நடந்துகொண்டே போடு. ஜன்னல் பக்கம் இருக்கும் அறையாகக் கேள். வாடகை கூட என்றால் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். அக்டோபருக்குள் மாற்றிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் வரும்போது தலை பின்னிக்கொண்டு வர வேண்டாம். நான் மட்டும் என்ன, பனியனோடுதானே உட்கார்ந்திருக்கிறேன். பேசப் பிடிக்காத வாரம் போனைச் சும்மா மேஜைமேல் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். அம்மாவிடம் சமாளிப்பது என் பொறுப்பு.

புளியும் பருப்புப் பொடியும் பார்சலில் வருகின்றன. பொடியில் இந்தத் தடவை காரம் கொஞ்சம் தூக்கல், நெய் சேர்த்துக்கொள்.

டிசம்பரில் எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று ஆபீஸில் கேட்டுவிட்டு இந்த வாரமே தேதியைச் சொல். டிக்கெட் நான் போடுகிறேன். இப்போது நானும் சம்பளம் வாங்குகிறேன்பா என்று ஆரம்பிக்காதே.

அன்புடன்,
அப்பா