பழைய படத்துக்கும் பெயர் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கெய்ரோ பள்ளிவாசல்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் கூடவே வந்த கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கீழே ‘பழைய கெய்ரோ’ என்று மட்டும் போட்டிருந்தது மனசுக்கு ஒப்பவில்லை. எடுத்தவர் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை.

அது ஜிரோ த பிரான்ஜே எடுத்த படம். பிரான்சின் லாங்ர் ஊர்க்காரர். கிரனாடாவின் அல்ஹம்ப்ரா முதலான ஸ்பெயினின் இஸ்லாமியக் கட்டடங்களை முதலில் ஓவியமாக வரைந்து வெளியிட்டவர். டாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் ஒளிப்பட முறை 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்டது. 1842இலேயே இவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிழக்கே புறப்பட்டுவிட்டார். கெய்ரோ, எருசலேம், டமாஸ்கஸ், அலெப்போ என்று 1845 வரை சுற்றி, 800க்கும் மேற்பட்ட படத் தகடுகளோடு ஊர் திரும்பினார்.

ஒரு படம் எடுக்க என்ன பாடு! வெள்ளி பூசிய செப்புத் தகட்டை முகம் தெரியுமளவுக்குத் தேய்க்க வேண்டும். அயோடின் ஆவி காட்டி, கேமராவில் வைத்து எடுத்து, அப்புறம் பாதரச ஆவி காட்டினால்தான் உருவம் எழும். நெகட்டிவ் கிடையாது. ஒரு தகட்டுக்கு ஒரே படம்தான். பள்ளிவாசல் கோபுரங்களான மினாராக்களை எடுக்கத் தகட்டை ஒடுக்கமாக நிமிர்த்தி வைத்திருக்கிறார்; 24 செ.மீ. உயரம், அகலம் அதில் பாதிகூட இருக்காது. அடுக்கடுக்காக மேலேறும் மினாரா தகடு முழுக்க நிற்கிறது. கட்டடக் கலை தெரிந்தவருக்குத்தான் அப்படிப் படத்தை அமைக்கத் தோன்றும்.

1892இல் அவர் காலமானார். 1920களில்தான் அவருடைய பழைய வீட்டுச் சாமான் அறையில், மரப்பெட்டிகளில் அடுக்கியபடி இந்தத் தகடுகள் கிடைத்தன. இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் கிடந்தவரை நாமும் பெயர் போடாமல் விடலாமா?

இன்னொன்று. டாகேர் முறையில் எடுத்த படம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறித்தான் விழும். குவிமாடத்துக்கு வலப்பக்கம் இருக்கும் மினாரா இடப்பக்கம் தெரியும். அரபி எழுத்து பின்னோக்கி ஓடும். எங்கள் ஊரில் ஓதப் பழகிய பிள்ளைகள்கூட அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். தகட்டில் உள்ளபடி அச்சிட்டாலும் சரி, திருப்பி அச்சிட்டாலும் சரி, எதைச் செய்தோம் என்று ஒரு வரி சொல்லிவிட வேண்டும்.

ஆண்டு போடாததைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். டெல்லி செங்கோட்டைக்குள் இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை 1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். கோட்டையின் பழைய படம் ஒன்று இடிப்புக்கு முந்தியதா, பிந்தியதா என்பதை ஆண்டு இல்லாமல் எப்படிச் சொல்வது? அலெப்போ பெரிய பள்ளிவாசலின் பதினோராம் நூற்றாண்டு மினாரா 2013 ஏப்ரலில் போரில் சரிந்தது. இப்படிப் போன கட்டடங்களைத் திரும்ப எழுப்புகிறவர்கள் அளவெடுத்த வரைபடங்களோடு பழைய ஒளிப்படங்களையும் பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு எந்தப் பக்கம், எந்த வருஷம் என்பதெல்லாம் உயிர்நாடி.

கட்டுரை எழுதுகிறவரிடமே எடுத்தவர் பெயர், ஆண்டு, படம் இப்போது எந்த அருங்காட்சியகத்தில் அல்லது நூலகத்தில் இருக்கிறது ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். கெய்ரோ படத்துக்கான விவரத்தை அடுத்த இதழில் திருத்தமாக வெளியிட்டால் மகிழ்வேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
காயல்பட்டினம்