பாப்பாவுக்கு, அந்தத் தங்க நிறப் பெடல் பற்றி

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, கோயில் வரைக்கும் நடந்தே போய்வருகிறாள். இங்கே நாலு நாளாகச் சாயங்காலம் ஆனால் மழை.

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நீ கேட்டது சின்ன விஷயம் இல்லை. மெல்பர்னில் இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு, கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற ஒரு பெடல் டப்பாவை வாங்கலாமா என்று கேட்கிறாய். அதுவும் கிட்டார் வாசித்தும் ரேடியோ பழுது பார்த்தும் பிழைத்த அப்பனிடம் கேட்கிறாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். அந்தக் க்ளான் சென்டாரை அந்த விலைக்கு வாங்க வேண்டாம், பாப்பா. பெடல் நல்ல பெடல்தான். ஆனால் நீ கொடுக்கப்போகும் காசில் கொஞ்சம்தான் சத்தத்துக்குப் போகிறது. அதைச் செய்த மனிதருக்கோ ஒரு சல்லிக்காசும் போகவில்லை.

அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. பில் ஃபின்னகன் என்று பெயர். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக்காரர். தெரிந்தவர்கள் துணையோடு நாலு வருடத்துக்கு மேல் அந்தச் சர்க்கியூட்டோடு மல்லுக்கட்டி, 1994 கடைசியில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கையாலேயே சுமார் 8,000 பெடல் செய்திருக்கிறார். ஒருவர் மேசையில் உட்கார்ந்து 8,000 டப்பாவை நிரப்புவது எப்பேர்ப்பட்ட வேலை என்று சால்டரிங் அயர்ன் பிடித்தவனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியும். ஒரு நாளைக்குப் பத்து இணைப்பு வைத்தாலே ராத்திரி கண் எரியும். அவர் கேட்ட விலை கடைசிக் காலத்தில் 329 டாலர். அந்த உழைப்புக்கு அது நியாயமான விலை. இன்றைக்கு அதையே பல ஆயிரம் டாலருக்கு விற்கிறார்களே, அது கைமாறிக் கைமாறி ஏறிய விலை.

அவருக்கே அது பிடிக்கவில்லை. 2012ல் அதையே சின்னதாக, மெஷினில் பாகம் பொருத்துகிற மாதிரி கேடிஆர் என்று கொண்டுவந்தார் இல்லையா? அந்தப் பெடலின் முகத்திலேயே எழுதி வைத்தார். இத்தனை பேரை எரிச்சல்படுத்துகிற இந்த அர்த்தமற்ற பரபரப்பு நான் உண்டாக்கியது இல்லை, தயவுசெய்து நினைவில் வையுங்கள் என்று. செய்தவரே இப்படிச் சொன்ன பிறகு நாம் எதற்கு அந்த விலைக்குப் போய் நிற்க வேண்டும்?

சரி, சத்தத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் நம் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். கிராணி வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் வால்வ் அம்ப்ளிபயர் உட்கார்ந்திருக்கும், கண்ணாடிக் குழாய்க்குள் செம்மஞ்சள் வெளிச்சம் தெரியும். கூட்டம் கூடக்கூட, ஆபரேட்டர் அண்ணன் வால்யூமை ஏற்றிக்கொண்டே போவார். ஓர் அளவுக்கு மேல் நாதஸ்வரத்தின் குரல் கட்டிப்போகும். ஓரம் கிழிந்து, கொஞ்சம் கரகரத்து, ஆனால் நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எனக்கு அது குறையாகத் தெரிந்ததே இல்லை. அந்தக் கரகரப்புக்காகவே கொட்டகை ஓரத்தில் போய் உட்கார்ந்திருப்பேன்.

இந்தப் பெடல்கள் செய்கிற ஓவர்டிரைவ் என்பது அதுதான். அம்ப்ளிபயரால் தாங்க முடியாத அளவுக்கு அலை வரும்போது அதன் உச்சி மழுங்குகிறது. அந்த மழுங்கலைப் பெடலுக்குள் சின்ன டையோடுகளை வைத்துச் செய்கிறார்கள், அவ்வளவுதான். பாஸ் கம்பெனியின் ஓடி-1 பெடல் 1977லேயே வந்தது. அப்புறம் வந்த பச்சை நிற ட்யூப் ஸ்க்ரீமரில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக மழுங்கல் குறையும்படி வைத்தார்கள். கனத்த சத்தம் குழம்பாமல் நடுக் குரல் முன்னால் வருவது அதனால்தான். பேண்டில் கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து அடிக்கும்போது கிட்டார் காணாமல் போகாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். சென்டாரில் வேறு வழி. மழுங்கிய சத்தத்தோடு, மழுங்காத சுத்தமான சத்தத்தையும் உள்ளேயே கலந்து விடுகிறார். அதனால் விரல் கம்பியைத் தட்டுகிற அந்த 'டக்' அப்படியே கேட்கும். நீ கேட்டு மயங்கியது அதற்குத்தான், அது பொய் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, காது உள்ளவனுக்குக் கேட்கும்.

ஆனால் அந்த வித்தியாசம் சர்க்கியூட்டில் இருக்கிறது, தங்க நிறத்தில் இல்லை. ஃபின்னகன் உள்ளே யாரும் பார்க்கக் கூடாது என்று பலகை மேல் எப்பாக்சிப் பசை ஊற்றி மூடினார். பிற்பாடு அதைப் பெயர்த்தெடுத்துப் பார்த்தார்கள். இருந்தது என்ன? இரண்டு டிஎல்072 சிப். அது என் இழுப்பறையில் எப்போதும் நாலைந்து கிடக்கும், கோயில் மிக்சர் பழுது பார்க்க வாங்கி வைப்பது. 9 வோல்ட்டை உள்ளேயே ஏற்றிக் கொடுக்க ஒரு சிப். இரண்டு ஜெர்மானியம் டையோடு. பழைய ரேடியோவில் அலையிலிருந்து பாட்டைப் பிரித்தெடுக்க வைப்பார்களே, அந்த ஜாதி. தனக்குப் பிடித்த டையோடைத்தான் போட்டேன் என்று அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை, ஜெர்மானியம் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஆனால் நீ சொன்ன மாதிரி, மழுங்கலைக் கூட்டுகிற கெய்ன் குமிழைக் குறைத்து வால்யூமை ஏற்றி வைத்து வாசித்தால், அந்த டையோடுகளுக்கு அங்கே பெரிய வேலையே கிடையாது. பெடல் உன் வால்வ் அம்ப்ளிபயரைத் தள்ளுகிறது, மழுங்கல் அங்கேதான் நடக்கிறது. அதே சர்க்கியூட்டை வைத்து எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் கம்பெனி சோல் ஃபுட் என்று ஒன்று செய்கிறது. புதிதாகவே வாங்கலாம், நீ சொன்ன விலையில் ஒரு துளிதான் ஆகும்.

இதில் நானும் ஒரு தடவை ஏமாந்தவன். 808 என்ற பழைய ட்யூப் ஸ்க்ரீமரில் ஜேஆர்சி4558டி என்ற சிப் இருந்தது, அதுதான் அந்தச் சத்தத்தின் ரகசியம் என்று எல்லோரும் சொன்ன காலம். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. ஒரு கடையில் பழைய ஸ்டாக், ஒரிஜினல் என்று சொல்லி, சாதாரண சிப்பைவிடப் பத்து மடங்கு விலைக்கு இரண்டு கொடுத்தான். வீட்டுக்கு வந்து சாக்கெட் வைத்து, பழையதை எடுத்து இதைப் போட்டு, திரும்ப இதை எடுத்துப் பழையதைப் போட்டு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் வாசித்தேன். சில நேரம் வித்தியாசம் தெரிந்த மாதிரி இருக்கும். காசு போட்டவன் காது அது, தெரியத்தானே செய்யும்? மறுநாள் அம்மாவை மாற்றிப் போடச் சொல்லி, எது என்று தெரியாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்தேன். ஒன்றும் சொல்ல முடியவில்லை. பிறகு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தபோது சிப் மேலிருந்த எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. அந்த மாசம் உனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கத் தள்ளிப்போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

விலை இறங்காது, வேண்டாம் என்றால் விற்றுக்கொள்ளலாம் என்று சொன்னாய். இருக்கலாம். ஆனால் அப்படி வாங்கினால் அது நகை, வாத்தியம் இல்லை. உன் பாட்டியின் அட்டியல் எத்தனை தடவை அடகுக்கடைக்குப் போய் வந்தது தெரியுமா? கல்யாணத்துக்குக்கூடப் போட்டுப்போகப் பயப்படுவாள். நீ அந்தப் பெடலை ஈர மேடையில் வைத்து ஷூ காலால் மிதிப்பாயா? தண்ணீர் பாட்டில் சாய்ந்தால் பாட்டை நிறுத்திவிட்டு ஓடுவாய். வாசிக்கிறவளுக்கு அந்தப் பயம் இருக்கக் கூடாது.

பெரிய காசே போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், பால் வெட்டுக் கூலியிலிருந்து பிடித்துப் பிடித்து, தொழிலாளர் பங்குப் பணத்தில் தோட்டம் வாங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு கட்டியவள் உன் பாட்டி. எங்கே போடுகிறோம் என்று தெரிந்து போட்டாள். நீயும் போடு. அனலாக்மேன் என்று கனெக்டிகட்டில் ஒரு பட்டறை, கிங் ஆஃப் டோன் என்ற பெடல் செய்கிறார்கள். மார்ஷலின் பழைய ப்ளூஸ்பிரேக்கர் பெடலை மூலமாக வைத்துச் செய்தது. பெயர் கொடுத்துவிட்டுப் பல வருடம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். காத்திருக்கலாம். உன் முறை வரும்போது செய்தவரிடமே அவர் கேட்கிற விலையைக் கொடு. நல்ல சுவிட்ச், நல்ல ஜாக், சுத்தமான சால்டரிங், பழுதானால் பதில் சொல்ல ஓர் ஆள். அதற்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. வரிசையில் நிற்காமல் இரட்டிப்பு விலைக்கு இன்னொருவனிடம் வாங்குவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

பாட்டி என்றதும் அவள் பால் வெட்டும் உளி ஞாபகம் வருகிறது. பள்ளி விடுமுறையில் அவளோடு இருட்டிலேயே காட்டுக்குப் போவேன். ரப்பர் மரத்தின் பட்டையை, உள்ளே இருக்கும் மரத்தைத் தொடாமல் சீவ வேண்டும். அவள் சீவினால் பட்டை ஒரே இழையாகச் சுருண்டு விழும், வெட்டு வழியே பால் அமைதியாக ஓடி, கீழே கட்டிய மங்குக் கிண்ணத்தில் இறங்கும். அதே உளியை வாங்கி நான் சீவினேன், முந்தின சாயங்காலம் அவள் தீட்டி வைத்த உளி. மூன்றாவது மரத்திலேயே காயம் போட்டுவிட்டேன். கங்காணி பார்ப்பதற்குள் அவள் அந்த இடத்தை மண் அப்பி மறைத்தாள். அந்த மரத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்ததைப் பல வருடம் கழித்தும் பார்த்தேன். இப்போது அங்கே எல்லாம் செம்பனை.

நீ அந்தப் பெடலைப் பார்க்கப் போகிறேன் என்றாய், போ. ஆசையை அடக்கு என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரம் அதில் வாசித்து வருவதே பாக்கியம். ஆனால் தனியாகப் போகாதே, ஒரு சினேகிதியைக் கூட்டிப்போ. அவள் பெடல்களை மாற்றட்டும், நீ திரும்பி உட்கார். ஒன்று முக்கியம்: இரண்டு பெடலிலும் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது எதுவானாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். அம்ப்ளிபயரை வீட்டில் வைக்கிற மாதிரி இரண்டில் வைக்காமல் ஆறு, ஏழு வரைக்கும் ஏற்றச் சொல். அடாப்டர் 9 வோல்ட்தானா என்று பார்த்துக்கொள். 18 வோல்ட்டைச் சொருகினால் சென்டாரின் உள்ளே இருக்கும் சிப் போய்விடும், அப்புறம் அடுத்தவர் பொருளுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு பெடல் உன்னிடம் இல்லை என்று தெரியும். எதிர்வீட்டு அக்காவின் மகன் இருபதாம் தேதி மெல்பர்னுக்குத் திரும்புகிறான். அவனிடம் என் மஞ்சள் நிற பாஸ் எஸ்டி-1 ஓவர்டிரைவ் பெடலைக் கொடுத்து அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஈப்போவில் வாங்கியது, இந்த வட்டாரத்தில் அது கேட்காத கல்யாண மண்டபம் இல்லை. டிரைவ் குமிழில் வெள்ளைக் கோடு அழிந்துவிட்டது, நகத்தால் தடவினால் பள்ளம் தெரியும். முன்பக்கத் திருகின் மரை தேய்ந்திருக்கிறது, பேட்டரி மாற்றும்போது மெதுவாகத் திருப்பு. நேற்றுத் திறந்து ஜாக்கைச் சுத்தம் செய்து, இரண்டு இணைப்பைத் திரும்பச் சால்டர் வைத்தேன். பேட்டரி போடவில்லை, அங்கே வாங்கிக்கொள். அம்மா முறுக்கும் மிளகாய்த்தூளும் அதே பையில் வைத்திருக்கிறாள்.

இரண்டிலும் ஒரே பாட்டை வாசித்து, போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. எது எது என்று எழுதாதே. கடைக் கதவைச் சாத்திவிட்டு, பெரிய ஸ்பீக்கரில் போட்டு நானும் அம்மாவும் கேட்கிறோம்.

உன் அப்பா