ரத்தத்தில் தெரியுமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அண்ணனுக்கு வந்திருப்பது பார்க்கின்சன் என்ற நரம்பு நோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டதைப் படித்து ரொம்ப வருத்தப்பட்டேன். அவர் கையெழுத்து வரவரச் சிறுத்து, வரி முடிவில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அது இந்த நோயின் பழைய அடையாளம். எங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மகள் ஆய்வை முடித்துவிட்டாள்.

எனக்கும் வருமா, ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். உனக்கு அந்த எண்ணம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. கை நடுங்க ஆரம்பிக்கும்போது மூளையில், உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் கணிசமான பகுதி அழிந்திருக்கும். அதற்குப் பல வருஷம் முன்பே தெரிந்தால் நல்லதுதானே.

2024-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் ஜெர்மனியின் கோட்டிங்கன் மருத்துவ மையமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. கனவில் வருவதையெல்லாம் தூக்கத்திலேயே கைகால் வீசிச் செய்துகாட்டும் ஒரு கோளாறு உண்டு. அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பிற்காலத்தில் பார்க்கின்சனோ அதன் உறவு நோயோ வருகிறது. அப்படிப்பட்ட 72 பேரின் ரத்தத்தில் எட்டுப் புரதங்களை அளந்து கணினியிடம் கொடுத்தார்கள். 79 சதவீதம் பேரின் ரத்தம் பார்க்கின்சன் நோயாளியின் ரத்தத்தைப் போலவே இருப்பதாக அது சொன்னது. அவர்களில் 16 பேருக்கு, பின்னாளில் நோய் வந்தேவிட்டது. சிலருக்கு ஏழு வருஷம் முன்னாலேயே ரத்தம் காட்டிக்கொடுத்திருக்கிறது. எட்டில் பல, அழற்சியோடும் நோய் எதிர்ப்போடும் சம்பந்தப்பட்டவை. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கை நடுங்குமுன்பே உடம்பு முழுக்க ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

ஆனாலும் நீ இப்போது எந்தப் பரிசோதனைக்கும் பணம் கட்டாதே. இந்த நோயில் மூளைக்குள் திரளும் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதத்தையே எடுத்துக்கொள். ரத்தத்தில் இருப்பதில் 99 சதவீதத்துக்கும் மேல் சிவப்பணுக்களுக்குள் கிடக்கிறது. ரத்தம் எடுக்கும்போது கொஞ்சம் அணு உடைந்தாலும் போதும்; அணுக்களைச் சுழற்றிப் பிரித்தபின் மிஞ்சும் பிளாஸ்மா என்ற மஞ்சள் நீர் லேசாகச் சிவந்துவிடும், அளவு தாறுமாறாக ஏறிவிடும். வேறு சில புரதங்கள் சாப்பிடும் மாத்திரையாலேயே கூடிவிடுகின்றன. நியூரோஃபிலமென்ட் என்ற நரம்புப் புரதம் பார்க்கின்சனை அதைப்போலத் தோன்றும் வேறு நோய்களிலிருந்து பிரித்துப் பார்க்க உதவும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல அது போதாது. தண்டுவட நீரில் செய்யும் சைனுக்ளின் சோதனை இதைவிட நம்பகமானது, அதற்கு முதுகில் ஊசி குத்த வேண்டும்.

தவிர, வரப்போகிறது என்று தெரிந்தாலும் வராமல் தடுக்க இன்று மருந்து இல்லை. அப்படியொரு மருந்தைச் சோதிக்கத்தான் இந்த ரத்த ஆய்வு முதலில் கைகொடுக்கும். நோய் முற்றுமுன் ஆட்களைச் சேர்க்க முடியாததால் எத்தனையோ முயற்சி தோற்றிருக்கலாம் என்று எனக்கு நெடுநாளாகவே சந்தேகம்.

பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதில்லை, பயப்படாதே. நீ தூக்கத்தில் கத்துகிறாயா, உதைக்கிறாயா என்று வீட்டில் கேட்டுப் பார். வாசனை தெரிவது குறைந்திருக்கிறதா என்றும் கவனி. இரண்டில் எது இருந்தாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிடு. அண்ணனை தினமும் வேகமாக நடக்கச் சொல். அவர் எந்த மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று எழுது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராகவன்