சலுகை கொடுங்கள்; அடுத்தவர் வரிசையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்

தமிழ்நாட்டில் கேளிக்கைப் பூங்காக்களையும் நீர்ப் பூங்காக்களையும் நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லா திறந்ததிலிருந்து சென்னைப் பூங்காக்களுக்கு இடையே போட்டி கூடிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, எம்ஜிஎம், பூந்தமல்லி தாண்டினால் குயின்ஸ்லேண்ட் என்று பழைய பூங்காக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், மதுரையில் அதிசயம் என மற்ற ஊர்க்காரர்களுக்கும் பழக்கமான இடங்கள் உண்டு. போன வருடம் வந்த குடும்பத்தை இந்த வருடமும் எப்படி வரவழைப்பது என்ற கவலை உங்கள் எல்லோருக்கும் இருக்கும். ஆண்டு பாஸ், புள்ளிகள், உறுப்பினர் அட்டை என்று யோசனைகளும் வந்திருக்கும். அவற்றை முடிவு செய்வதற்கு முன் இந்த மடலைப் படிக்க வேண்டுகிறோம்.

திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குச் சலுகை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் செலவைப் பூங்காதான் ஏற்க வேண்டும். முதல் முறையாக வந்து வெயிலில் நிற்கிற இன்னொரு குடும்பத்தின் தலையில் அதைக் கட்டக் கூடாது. உலகம் முழுக்க இந்தத் திட்டங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கணக்காகவே பார்ப்போம். ஒரு ரோலர் கோஸ்டரில் 20 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றி, ஒவ்வொருவர் பூட்டையும் இழுத்துப் பார்த்து, ஓட்டி, இறக்க இரண்டரை நிமிடம். மணிக்கு 24 ஓட்டம், 480 பேர். வரிசையில் 240 பேர் இருந்தால் கடைசியில் நிற்பவருக்கு அரை மணி நேரம். இப்போது உறுப்பினர்களுக்கும், ஃபாஸ்ட் டிராக் என்ற விரைவு வழி டிக்கெட்டை வாங்கியவர்களுக்கும் சேர்த்துப் பாதி இருக்கையை ஒதுக்கினால் பொது வரிசைக்கு மணிக்கு 240 இருக்கைதான் மிஞ்சும். அதே கடைசி ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். ராட்டினத்தின் வேகம் மாறவில்லை, கூட்டமும் கூடவில்லை. அவருடைய அரை மணி நேரத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பக்கத்து வரிசை சரசரவென்று நகர்வதை அவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அடுத்த வருடம் நீங்கள் எதிர்பார்க்கிற வாடிக்கையாளர் அவரும்தானே?

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரையும் ஃபாஸ்ட் டிராக் வழியில் விட்டால், ஞாயிற்றுக்கிழமை அந்த வழியே நிரம்பிவிடும். கூடுதல் பணம் கொடுத்து அந்த டிக்கெட்டை வாங்கியவர் இருபது நிமிடம் நின்றுவிட்டுச் சண்டைக்கு வருவார். இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் நிற்கிற இளம் ஊழியர்தான் அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொள்வார். ஆகவே வரிசைச் சலுகை வேண்டும் என்றே நினைத்தால் உச்சவரம்பு வையுங்கள்: ஃபாஸ்ட் டிராக், உறுப்பினர் இரண்டும் சேர்த்து 20 இருக்கைக்கு 4. அப்போது பொது வரிசைக்கு மணிக்கு 384 இருக்கை கிடைக்கும். அரை மணிக் காத்திருப்பு ஏறக்குறைய முப்பத்தேழரை நிமிடமாகும். பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். அந்த வரம்பை ஏற்றுமிடத்தில் பலகையாக எழுதி வைத்துவிட்டால் ஊழியர் வாதாட வேண்டியதில்லை.

அதைவிட நல்ல வழி, கூட்டம் குறைகிற நேரத்தில் மட்டும் கொடுப்பது. அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் உள்ள யுனிவர்சல் பூங்கா தன் உயர்வகை ஆண்டு பாஸுக்கு விரைவு வழியை மாலை 4 மணிக்குப் பிறகுதான் திறக்கிறது, அதுவும் ஒரு ரைடுக்கு ஒரு முறை. இங்கேயும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் நாலு மணியை ஒட்டிக் கிளம்பத் தொடங்குகின்றன. அதற்குப் பிறகு கொடுக்கிற முன்னுரிமை யாருடைய நாளையும் கெடுக்காது. காலையில் பொதுவாகத் திறப்பதற்கு அரை மணி முன்னால், இரண்டு மூன்று ரைடுகளை மட்டும் உறுப்பினர்களுக்காக ஓட்டுவதும் இதே வகை. அன்றாடச் சோதனை ஓட்டம் முடிந்த ரைடுகளாக அவை இருக்க வேண்டும். சோதனையை அவசரப்படுத்தி இந்த அரை மணியைச் சம்பாதிக்கக் கூடாது.

பாதுகாப்பு விதியைத் தொடுகிற சலுகை எதுவும் வேண்டாம். உயரம், எடை, கர்ப்பம், இதய நோய் பற்றிய விதிகள் நூறாவது முறை வருகிறவருக்கும் அவையே. அடிக்கடி வருகிறவர் ஊழியரைப் பெயர் சொல்லி அழைக்கிற அளவுக்குப் பழகிவிடுவார். "இரண்டு சென்டிமீட்டர்தானே தம்பி, விடுங்க" என்று கேட்பார். மறுக்கிற ஊழியர் பக்கம் நிர்வாகம் நிற்கும் என்பதைப் பாஸ் விதியிலேயே எழுதிவிடுங்கள்.

வரிசையைத் தொடாமல் கொடுக்க எவ்வளவோ இருக்கிறது. நீர்ப் பூங்காவுக்கு வருகிற குடும்பத்தின் எரிச்சல்களைப் பாருங்கள். லாக்கருக்கு வாடகை, மேலே முன்பணம், அதைத் திரும்ப வாங்க மாலையில் மறுபடி ஒரு வரிசை. நைலான் உடை இல்லையென்றால் வாடகைக்கு எடுக்க வேண்டும். பார்க்கிங் தனி. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக முடியாது. உள்ளே விலை அதிகம். லாக்கர், பார்க்கிங், சாப்பாட்டில் 15 சதவீதத் தள்ளுபடி, குடிநீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளும் இடம் இவை உங்களுக்குப் பெரிய செலவல்ல, குடும்பத்துக்கோ நாள் முழுக்கத் தெரியும். அமெரிக்காவில் இண்டியானாவில் உள்ள ஹாலிடே வேர்ல்ட் 2000 முதல் வருகிற எல்லோருக்கும் குளிர்பானத்தை இலவசமாகக் கொடுத்துவருகிறது. உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் என்று பிரிக்காமலே மக்களைத் திரும்ப வரவைக்க முடியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இங்கே யாரும் கவனிக்காத ஒருவர் இருக்கிறார்: பாட்டி. நம் குடும்பங்கள் பூங்காவுக்கு வரும்போது தாத்தா பாட்டியும் வருகிறார்கள். எந்த ரைடிலும் ஏறுவதில்லை. பைகளையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு நிழல் தேடி உட்கார்ந்திருக்கிறார்கள். முதியோர் சலுகை இருந்தாலும் ஆளுக்கு ஒரு டிக்கெட் வாங்கியாக வேண்டும். மூன்று பாஸ் வாங்கும் குடும்பத்துக்கு, ரைடு ஏறாத துணைக்கு ஒரு நுழைவைச் சேர்த்துக் கொடுங்கள். கையில் வேறு நிறப் பட்டை கட்டினால் போதும், ரைடில் ஏற்றுகிறவருக்குத் தெரிந்துவிடும். மின்விசிறியோடு ஒரு நிழற்கூடம், முதுகு சாய்க்க நாற்காலி. வேறு எந்தத் தள்ளுபடியையும்விட இது பேசப்படும். பல வீடுகளில் "பாட்டியை என்ன செய்வது" என்ற கேள்வியில்தான் இரண்டாவது பயணம் நின்றுபோகிறது.

இனி ஆண்டு பாஸின் விலை. கணக்குக்காக ஒரு நாள் டிக்கெட் 1,200 ரூபாய் என்று கொள்வோம். இரண்டரை மடங்கில் பாஸ் 3,000. இரண்டு முறை வந்து 2,400 கொடுத்திருக்கக் கூடியவர் இப்போது 3,000 கொடுத்து ஐந்து முறை வருகிறார். கூடுதலான மூன்று வருகையும் செவ்வாய், புதன் என்றால் உங்களுக்கு நஷ்டமே இல்லை: மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, உயிர்காப்பாளர் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார், இருக்கை காலி. அவர் சாப்பிடும் 250 ரூபாய்ச் சாப்பாடு உங்களுக்கு வரவு. அதே மூன்று வருகையும் மே மாத ஞாயிறு என்றால், முழுக் கட்டணம் கொடுக்க வந்தவரின் இடத்தைப் பாஸ் அடைத்துக்கொள்கிறது. ஆகவே பாஸ் செல்லாத நாட்கள் வேண்டும்: பொங்கல் விடுமுறை, ஏப்ரல் நடுவிலிருந்து மே முடியும்வரை ஞாயிறுகள், தீபாவளியை ஒட்டிய நாட்கள், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை. அன்றைக்கு வாசலில் திருப்பி அனுப்பாமல் பாதி விலை டிக்கெட் கொடுத்தால் கசப்பு வராது.

பாஸ் முதல் வருகையிலிருந்து 365 நாள் என்று வைத்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மே நடுவில் தொடங்கிய பாஸ் அடுத்த மே நடுவில் முடியும். ஒரே பாஸில் இரண்டு கோடை விடுமுறை. செல்லாத நாட்களின் பட்டியல் இல்லாவிட்டால் இந்த ஓட்டை வழியாகத்தான் கூட்டம் வழியும். மாறாக, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் பாஸை விற்று, அடுத்த ஆண்டு முடியும்வரை செல்லுபடியாக்கினால், கூட்டம் இல்லாத மாதத்தில் பணம் கைக்கு வரும், பராமரிப்புக்கு உதவும்.

செல்லாத நாட்களின் பட்டியலை, பாஸை விற்பதற்கு முன்பே வெளியிட வேண்டும்; விற்ற பிறகு அதைத் தொடவே கூடாது. கலிபோர்னியா டிஸ்னிலேண்ட் 2021 ஆகஸ்டில் மேஜிக் கீ என்ற பெயரில் நான்கு வகைப் பாஸ்களை அறிமுகப்படுத்தியது. அவற்றில் மிக விலை உயர்ந்த பாஸ் 1,399 டாலர். அதற்குச் செல்லாத நாட்களே கிடையாது என்று சொல்லி விற்றார்கள். ஆனால் வருவதற்கு முன் இடம் பதிவு செய்ய வேண்டும், பாஸ்காரர்களுக்கென ஒதுக்கிய இடம் சில நாட்களில் தீர்ந்துபோனது. ஒரு நாள் டிக்கெட்டோ அதே தேதிக்கு விற்பனையில் இருந்தது. வழக்கு வந்தது, தவறில்லை என்று சொல்லிக்கொண்டே 95 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தார்கள். "எல்லா நாளும்" என்று விளம்பரத்தில் ஒரு சொல், பதிவுத் திரையில் வேறொரு சொல். அதற்கான விலை அது.

எதிர்ப்பக்கத் தவறும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பல பூங்காக்களை நடத்தும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனம் 2022இல் தள்ளுபடிகளை வெட்டி விலையை ஏற்றியது. மலிவான பாஸால் பூங்கா பதின்வயதினரின் காப்பகமாகிவிட்டது என்பது அன்றைய தலைமையின் எண்ணம். அந்த ஆண்டு வருகை 2.77 கோடியிலிருந்து 2.05 கோடியாக இறங்கியது. கூட்டம் குறைந்தால் பூங்கா இனிமையாகும் என்பது உண்மைதான், ஆனால் கால்வாசிப் பேரைத் தொலைத்து அதைச் செய்யக் கூடாது. டோக்கியோ டிஸ்னி 2020இல் ஆண்டு பாஸை நிறுத்தி மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. எப்போதும் நிரம்பி வழிகிற பூங்காவுக்கு அது கட்டுபடியாகும். வார நாட்களில் காற்றாடுகிற பூங்காவுக்கு ஆகாது.

வார நாளுக்கு ஆளை இழுத்துவிட்டு, அன்றைக்கே பெரிய ரைடுகளைப் பராமரிப்புக்கு மூடினால் பாஸ் வாங்கியவர் ஏமாந்ததாக உணர்வார். மூடுவது தவறில்லை, சொல்லாமல் மூடுவது தவறு. மறுநாள் எவையெவை ஓடாது என்று முந்தைய மாலை 6 மணிக்குள் இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பாஸ்காரருக்கு நாளை மாற்றிக்கொள்ள வசதி உண்டு, அவர் மாற்றிக்கொள்வார்.

ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிற குடும்பம் விசுவாசமில்லாத குடும்பம் அல்ல. ஊரிலிருந்து மச்சான் குடும்பம் வரும்போது, பிள்ளைக்குப் பரீட்சை முடிந்ததும் என்று வருடம் தவறாமல் வருகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களுக்குப் பாஸ் பயன்படாது. புள்ளித் திட்டம் இன்னும் மோசம்; சேர்வதற்குள் காலாவதியாகும். போன முறை டிக்கெட் எடுத்த அலைபேசி எண்ணைச் சொன்னால் போதும் என்ற ஏற்பாடு செய்யுங்கள். 18 மாதத்துக்குள் இரண்டாம் வருகைக்கு லாக்கர் இலவசம், மூன்றாம் வருகைக்குக் குழந்தை டிக்கெட் பாதி விலை. அட்டை இல்லை, செயலி இல்லை.

பாஸ் வாங்க நினைப்பவர் மாலையில் வெளியேறும்போதுதான் முடிவு செய்வார். அன்றைய டிக்கெட் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கும் கவுன்டர் வெளிவாசலில் இருக்க வேண்டும், பூங்கா மூடிய பிறகும் ஒரு மணி நேரம் திறந்திருக்க வேண்டும். நுழைவாயிலில் வைத்தால் காலை அவசரத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்.

கியூஆர் குறியீட்டை மட்டும் நம்பினால் அதன் படம் ஒரே மணி நேரத்தில் உறவினர் குழுவெல்லாம் சுற்றும். வாசலில் ஸ்கேன் செய்யும்போது பாஸ்காரரின் படம் ஊழியரின் திரையில் வர வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பாஸ் முடிந்ததும் படத்தை அழித்துவிடுங்கள். விலையை 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தே முதல் திரையில் காட்டுங்கள். தானாகப் புதுப்பித்துப் பணம் எடுக்கிற ஏற்பாடு வேண்டாம். கடைசித் திரையில் கட்டணம் ஏற்றுவது, வெளியேற முடியாத சந்தா இரண்டையுமே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் தடுக்கிறது.

கால் முறிந்தவருக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவர் சீட்டைப் பார்த்துப் பாஸை நிறுத்திவைக்க வழி செய்யுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி புயல் நாட்களில் பூங்கா மூடினால், மூடிய நாட்கள் அத்தனையும் பாஸில் தானாகக் கூட வேண்டும். விண்ணப்பம் கேட்காதீர்கள்.

அடுத்த ஆண்டுக்கான பாஸை விற்கத் தொடங்கும் முன், செல்லாத நாட்களின் முழுப் பட்டியலையும், ஒவ்வொரு ரைடிலும் முன்னுரிமைக்கு ஒதுக்கும் இருக்கை எண்ணிக்கையையும் உங்கள் டிக்கெட் பக்கத்தில் தமிழில் வெளியிடுங்கள். இந்த இரண்டையும் வெளியிடுகிற பூங்காவின் பாஸை வாங்கச் சொல்லி நாங்களே மற்றவர்களுக்குப் பரிந்துரைப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பூங்காக்களுக்குத் தொடர்ந்து வரும் பார்வையாளர்கள்