மலைப்பாதை மூடினால் என்ன?

ஆசிரியருக்கு,

மாசி பிறந்ததும் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி உயிரிழந்த விபத்துக்குப் பிறகு, அது சரி என்றே சொல்வேன். பூ பார்க்க உச்சிவரை ஏறவா வேண்டும்? ஜவ்வாது மலை அடிவாரச் சாலையில் காலையில் நடந்தாலே போதும். இலையெல்லாம் உதிர்ந்த புரச மரம், கிளி மூக்குபோல வளைந்த செம்மஞ்சள் பூக்களோடு நிற்கும். தேனுக்காக மைனாக்கள் போடும் சண்டை தனி வேடிக்கை!

அப்புறம், மாடித் தோட்டத்துக்கும் இது மாசிப்பட்டம். வெண்டை, கொத்தவரை விதைக்கலாம். இளமஞ்சள் இதழும் நடுவில் அரக்குப் பொட்டுமாக வெண்டைப் பூ எந்தக் காட்டுப்பூவுக்கும் குறைந்ததல்ல. இந்த மாதத்திலாவது உழவர் சந்தைகளில் நாட்டு விதைகள் கிடைக்கத் தோட்டக்கலைத் துறை ஏற்பாடு செய்யட்டும்.

– ஒரு வாசகர், திருப்பத்தூர்