மேசைக்குள் அடங்காத நெப்டியூன்: அறிவியல் விழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நீதிபதிகளுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை நடந்த தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் விழாவில் யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் ஏன் மறுபடி யாரும் போகவில்லை என்று காட்டிய எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளின் படைப்புக்கு என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும். மதிப்பெண் தாளில் நீங்கள் எழுதிக் கொடுத்த குறைகள் இரண்டு. காட்சிப்பொருள் மேசை அளவை மீறியது, தகவல்கள் பழையவை. என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு தடவை தோட்டத்துக்கு வந்து, பிள்ளைகளோடு நடந்து பார்த்துவிட்டு, அப்புறம் மதிப்பெண் போடுங்கள்.

முதலில் மேசை. நான் தோட்டத்து அலுவலகக் கிராணி, கணக்கு எழுதுகிறவன். எங்கள் இரண்டாம் டிவிஷனில் செம்பனை 9 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கிறது. பிள்ளைகள் அதையே அளவுகோலாக்கிக்கொண்டார்கள். சூரியனிலிருந்து பூமி ஒரு மரத் தூரம். அந்தக் கணக்கில் சூரியன் ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர் வரும். ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்தார்கள். முதல் மரத்தடியில் பூமி, ஒற்றை ரவை. ஐந்தாம் மரம் தாண்டியதும் வியாழன், ஒரு கொண்டைக்கடலை. சனி ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில். யுரேனஸ் 19ஆம் மரம், நெப்டியூன் 30ஆம் மரம். ஆளுக்கொரு கொத்தமல்லி விதை. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இப்போது 170ஆவது மரத்துப் பக்கம் இருக்கிறது, ஒரு கட்டைக்கு, அதாவது ஒரு மைலுக்கு, கொஞ்சம்தான் குறைவு. உங்கள் மேசையோ 4 அடி. அதற்குள் நெப்டியூன் வர வேண்டுமென்றால் சூரியனே அரை ரவையாகிவிடும், பூமி கண்ணுக்கே தெரியாது. படத்தையும் விதைகளையும் மேசையில் வைத்து, மீதியை வெளியே திடலில் காட்டுகிறோம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். விதியில் இடமில்லை என்றீர்கள்.

தூரம் மட்டும் என்றால் நானும் சும்மா இருந்திருப்பேன். அந்தத் தூரத்தில் ஒளி எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதைத்தான் பிள்ளைகள் காட்ட நினைத்தார்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு 8 நிமிடம் 20 நொடி. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி 'கட்டளை' என்று எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நகர்ந்தாள். நொடிக்கு 2 சென்டிமீட்டர்கூட இல்லை. வியாழனுக்குப் போகவே 43 நிமிடம். அதற்குள் கால் மரத்துப்போய், தாளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். நெப்டியூனுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும், பதில் வர இன்னொரு 4 மணி நேரம். 2023 நவம்பரில் வாயேஜர் 1 புரியாத தகவல்களை அனுப்பி உளறத் தொடங்கியபோது, ஒரு கட்டளை போக இருபத்திரண்டரை மணி, பதில் வர இருபத்திரண்டரை மணி என்று காத்துக் காத்துத்தான் பொறியாளர்கள் 2024 ஏப்ரலில் அதை வழிக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். மேசையில் அடுக்கிய பந்துகளைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, இரண்டாவது குறை. யுரேனஸுக்கு 1986, நெப்டியூனுக்கு 1989 என்று பிள்ளைகள் எழுதியதை அடிக்கோடிட்டு, புதிய விண்கலங்களைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். எந்தப் புதிய விண்கலம், ஐயா? அந்த இரண்டையும் நெருங்கிப் பார்த்தது வாயேஜர் 2 ஒன்றுதான். பிறகு ஒருவரும் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதானே படைப்பின் தலைப்பே! ஒரு கோளின் ஈர்ப்பு அடுத்த கோளுக்கு உந்தித்தள்ள, வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் ஒரே பயணத்தில் பார்க்கத் தோதான வரிசை ஏறக்குறைய 175 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அமையும். நெப்டியூனில் வெயில் இங்குள்ளதில் 900இல் ஒரு பங்கு. சூரியத் தகடு உதவாது. புளுட்டோனியத்தின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும், அதுவும் வருடா வருடம் குறையும். வேகமாகப் போனால் நிற்க முடியாது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2006இல் கிளம்பி, ஒன்பதரை ஆண்டு ஓடி, 2015 ஜூலையில் புளூட்டோவைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. எடுத்ததையெல்லாம் அனுப்பி முடிக்க 2016 அக்டோபர் ஆகிவிட்டது. இதையெல்லாம் எங்கள் பையன் ஒருவன் உங்கள் முன்னால் ஒப்பிக்காமல், யோசித்து யோசித்துச் சொன்னான். நீங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிள்ளைகளுக்கு 5 நிமிடத்தில் மணி அடித்த அதே மண்டபத்தில், திறப்புரை ஓடிய நேரத்துக்குச் சூரிய ஒளி வியாழனுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அதற்கு யாரும் மணி அடிக்கவில்லை. பொன்னாடைக்கும் மாலைக்கும் மேடை போதவில்லை; அதற்கெல்லாம் அளவு விதி கிடையாது போல. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாலு பந்தும் வண்ணத்தாளும் போதும் என்று நம்மவர்களே முடிவு கட்டிவிட்டால், பிறகு மற்றவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

மன்னிக்கவும், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. முதல் பரிசு கேட்கவில்லை. தோட்டத்துக்கு வந்து நடந்து பார்த்து மதிப்பெண் போடுங்கள் என்றுதான் பணிவோடு கேட்கிறேன். அடுத்த ஆண்டு விதிகளில் திடலில் காட்டும் படைப்புக்கும் இடம் கொடுத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம். தோட்ட நிர்வாகியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். குலை வெட்டு இல்லாத ஞாயிறு காலை தோதுப்படும். நெப்டியூன் வரை நடந்தே போகலாம், சப்பாத்து போட்டு வாருங்கள். வாயேஜர் வரை போக வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மோட்டார் ஏற்பாடு செய்கிறேன். அந்தப் பக்கம் அட்டை அதிகம்.

இப்படிக்கு,
பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர்,
ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி, பேராக்