வசனத்தை அதிகாரத்தோடு தாருங்கள்: சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களுக்கும், மூப்பர்களுக்கும், விடுதிகளிலும் வீடுகளிலும் வேதபாடம் எடுக்கிற சகோதர சகோதரிகளுக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவன் இல்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் புளோக்கில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு உதவுகிறவன், ஞாயிறு மாலைகளில் தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களோடு உட்கார்ந்து வேதம் வாசிக்கிறவன். உங்கள் உழைப்பை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆறு நாள் வேலைக்குப் போய்விட்டு ஏழாம் நாள் பிரசங்கம் செய்கிறவர்கள் உங்களில் பலர். அதனால் இதைக் குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். எங்களுக்கு வசனத்தைத் தரும்போது அதை யார் சொன்னார், யாருக்குச் சொன்னார், அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துத் தாருங்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நாம் எடுக்கும், புத்தாண்டு வாக்குறுதியாக ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளை நினைத்துப் பாருங்கள். துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்ற வசனம் யாராவது ஒருவர் கைக்கு வராமல் போவதில்லை. கடைத் திறப்பு விழாவிலும் புதுவீட்டு ஜெபத்திலும் அதே வசனம்தான். யோபு 8:7. பேசுகிறவன் பில்தாத், யோபின் மூன்று நண்பர்களில் ஒருவன். பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனான யோபின் முன் உட்கார்ந்து பேசுகிறான். மூன்று வசனங்களுக்கு முன்னால், எட்டாம் அதிகாரம் நாலாம் வசனத்தில், பிள்ளைகள் செத்தது அவர்கள் செய்த பாவத்தால்தான் என்ற தோரணையில் பேசிவிட்டு, நீர் சுத்தமும் செம்மையுமாயிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். அந்த வாதத்தின் ஒரு துண்டுதான் நம் அட்டையில் இருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் கர்த்தர் இன்னொரு நண்பனான எலிப்பாசைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். அந்த "நீங்கள்" என்பதற்குள் பில்தாத்தும் அடக்கம்.

யோபின் முடிவு சம்பூரணமாய் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது, உண்மைதான். ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தால் இல்லை. நம்மை எச்சரிக்க எழுதிவைத்த ஒரு பேச்சை எடுத்து ஒருவருக்கு வாக்குறுதியாக நீட்டினால், அந்த ஆண்டு நொடித்துப்போகும்போது அவர் யாரை நொந்துகொள்வார்? எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி இதைக் கவனித்துவிட்டு, "அண்ணே, இது பில்தாத் பேசுனதுதானே?" என்று கேட்டார். அதே கேள்வியை அவர் முன்பு வேறொரு கூட்டத்தில் கேட்டபோது, வசனத்தைச் சந்தேகப்படாதே என்ற பதில்தான் கிடைத்ததாம். அவர் சந்தேகப்படவில்லை. முழு அதிகாரத்தையும் வாசித்திருந்தார்.

கேள்வியை அடக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020இல் நாம் பார்த்தோம். கொரோனாவால் அந்த ஏப்ரலில் சர்க்யூட் பிரேக்கர் என்ற நாடு தழுவிய முடக்கம் வந்தது, விடுதிகள் பூட்டப்பட்டன. அந்த ஆண்டு இந்நாட்டில் தொற்றுக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் விடுதிகளில் இருந்த ஊழியர்கள். அப்போது ஒவ்வொரு கைப்பேசியிலும் 91ஆம் சங்கீதம் ஓடிக்கொண்டிருந்தது: "பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது." இரண்டடுக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத் தினமும் சொல்லிவந்தவருக்குச் சோதனை முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் அவர் என்ன நினைப்பார்? தன் விசுவாசத்தில் ஓட்டை இருக்கிறது என்றுதான். காய்ச்சலைவிட அதுதான் தன்னை அதிகம் வாட்டியது என்று ஒருவர் என்னிடம் சொன்னார்.

அதே சங்கீதத்தை இன்னும் ஐந்து வசனம் தள்ளி வாசித்திருந்தால் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்ற வார்த்தை வந்திருக்கும். அப்படியானால் ஆபத்தும் வரும், அதற்குள் தேவன் கூட இருப்பார் என்று அந்தப் பாட்டே சொல்கிறது. சங்கீதங்கள் பாடல்கள். நம்பிக்கையின் உச்சியில் நின்று பாடியவையும் உண்டு, 88ஆம் சங்கீதத்தைப் போல இருளிலேயே முடிகிறவையும் உண்டு. இரண்டையும் வாசித்தவருக்கு வியாதி வந்தால் தான் கைவிடப்பட்டதாகத் தோன்றாது. எத்தனையோ பேரைக் குணமாக்கிய பவுலே, தன் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். இதைச் சொல்லித்தர ஒரு நிமிடம்தான் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை அன்று யாரும் அந்த மனிதருக்குக் கொடுக்கவில்லை. இந்த 91ஆம் சங்கீதத்தை வைத்துத்தான் பிசாசும் ஆண்டவரைத் தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான் என்பதையும் மறக்க வேண்டாம். அவர் உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தைக் காட்டி மறுத்தார். வேதத்தை வேதத்தோடு ஒப்பிட்டு வாசிக்கும் முறையை நமக்குக் காட்டித் தந்தவர் அவரே.

பிள்ளைகள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கினால் "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13 மேசை விளக்கில் ஒட்டப்படுகிறது. பவுல் அதைக் கட்டுண்டவராக எழுதினார். அதற்கு முந்தின வசனம், தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறது. மதிப்பெண் குறைந்தாலும் தலைநிமிர்ந்து நிற்கும் பெலனைப் பற்றிய வசனம் அது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உண்மையில் தேவையானதும் அதுதான். இரண்டு மூன்று பேர் கூடியிருக்கும் இடத்தைப் பற்றிய மத்தேயு 18:20ஐ ஆள் குறைந்த கூட்டத்துக்கு ஆறுதலாகச் சொல்கிறோம். தவறு செய்த சகோதரனைச் சபை எப்படி நடத்தவேண்டும் என்று 15ஆம் வசனத்தில் தொடங்கும் பேச்சின் முடிவு அது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

எரேமியா 29ஐ அவ்வளவு சுலபத்தில் கடந்துபோக மனம் வரவில்லை. ஏனென்றால் இந்த ஊருக்கு வந்த தமிழர்களுக்கு அது பொக்கிஷம் போன்ற அதிகாரம். நாம் எடுத்துக்கொள்வது 11ஆம் வசனம் ஒன்றைத்தான்: சமாதானத்துக்கேதுவான நினைவுகள், எதிர்பார்த்திருக்கும் முடிவு. ஆனால் அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்டது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழும்பி, இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பிவிடலாம் என்று சபை நடுவே அறிவிக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த 11ஆம் வசனத்துக்கு வருகிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த முடிவைக் கண்ணால் பார்க்காமலேயே பாபிலோனில் கண்ணை மூடியிருப்பார்கள்.

வீட்டிலிருந்து வந்த நாலு பக்கக் கடிதத்தில் நல்ல வரி ஒன்றை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு மீதியைக் கிழித்துப் போடுகிறவர் யாராவது உண்டா? நாமும் பாபிலோனுக்குப் போன யூதர்கள் இல்லை, அந்த எழுபது வருஷக் கணக்கு நம் ஒர்க் பெர்மிட்டுக்குப் பொருந்தாது. ஆனாலும் முன்பு எழுதியிருக்கிறவைகளெல்லாம் நமக்குப் போதனையாக எழுதியிருக்கிறது என்று ரோமர் 15:4 சொல்கிறதே. வாங்கிய கடனை அடைக்க இன்னும் எத்தனை வருஷம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரிடம், "இந்த வருஷமே உனக்கு எஸ் பாஸ்" என்று, ஒர்க் பெர்மிட்டைவிட உயர்ந்த வேலை அனுமதியை மேடையிலிருந்து வாக்களிப்பது அனனியாவின் பேச்சு. இந்தப் பட்டணத்தில் நீ செய்யும் வேலையையும் தேவன் பார்க்கிறார், இங்கேயே நீ வேரூன்றி வாழலாம் என்று சொல்வதே எரேமியாவின் பேச்சு. இரண்டாவதை எங்களுக்குத் தாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒற்றை வசனத்தைக் கொண்டு ஆவியானவர் ஒருவரோடு பேசமாட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. பேசுவார். ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கொடிய இரவுகளைக் கடந்தவர்களை எனக்குத் தெரியும், அதோடு எனக்கு வழக்கே இல்லை. ஆனால் ஒருவர் தனியறையில் பெற்ற ஆறுதலுக்கும், சபையின் முன் நின்று "கர்த்தர் உங்களுக்குச் சொல்லுகிறார்" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. போதகரானவர்கள் அதிக ஆக்கினையை அடைவார்கள் என்று யாக்கோபு எச்சரித்ததும் இரண்டாவதைப் பற்றித்தான். வசன எண்களும் வேதம் எழுதியவர்கள் போட்டவை அல்ல. இன்று நாம் பயன்படுத்தும் புதிய ஏற்பாட்டு எண்கள், அச்சகத்தார் ராபர்ட் எஸ்தியேன் 1551இல் வெளியிட்ட பதிப்பில் வந்தவை. தேடி எடுப்பதற்கு அவை பெரிய உதவி. வெட்டி எடுப்பதற்குத்தான் நாம் அதிகம் பயன்படுத்துகிறோம்.

களைத்து வருகிறவர்களால் நீண்ட வாசிப்பைத் தாங்க முடியாது என்றும் சிலர் என்னிடம் சொன்னார்கள். நெகேமியா எட்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம், அதாவது மதில், 52 நாளில் கட்டி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கல்லும் மண்ணும் சுமந்த அந்த ஜனங்கள் காலையிலிருந்து மத்தியானம்வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கக் கேட்டார்கள். வெறும் வாசிப்போடு விடவில்லை, லேவியர் "அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்". நம் விடுதிகளில் இருப்பவர்களும் கட்டுமானத் தொழிலாளர்கள்தான். வேலையிடத்தில் வரைபடத்தை வரிக்கு வரி வாசித்துக் கம்பி கட்டுகிறவர்களுக்கு ஓர் அதிகாரத்தை வாசித்து விளங்கிக்கொள்ளத் தெரியாதா?

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டுக்கான அட்டைகளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு வசனத்தின் அதிகாரத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பேசுகிறவர் யார் என்பதை அட்டையின் பின்புறம் அச்சிடுங்கள். பிரசங்கம் முடிந்தபின் அரைமணி நேரம் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். "எனக்குத் தெரியவில்லை தம்பி, பார்த்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று ஒரு போதகர் சொன்னால் எங்களுக்கு அவர்மேல் மரியாதை கூடுமே தவிரக் குறையாது. மாதத்தில் ஒரு ஞாயிறாவது, துண்டு துண்டாக இல்லாமல், ஒரு நிருபத்தை, அதாவது அப்போஸ்தலர் எழுதிய கடிதத்தை, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சபையில் வாசியுங்கள். பிலிப்பியரில் தொடங்கலாம். நாலே அதிகாரம், நிதானமாகச் சத்தம்போட்டு வாசித்தாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்கள் சபைகளில் பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் ஒரு சகோதரன்